இடிக்கச் சொன்னவன்

எங்கள் கல்லூரியில் நூலகத்துக்குக் கிழக்கே ஐந்து புங்க மரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் திண்டு. 2018 கோடை விடுமுறையில் அந்தத் திண்டுகள் எல்லாமும் இடிக்கப்பட்டன, மரங்களில் மூன்று வெட்டப்பட்டன. வளாக அழகுபடுத்தும் குழுவின் தீர்மானம் அது. குழுவின் ஒருங்கிணைப்பாளர் நான். தீர்மானத்தைக் கைப்பட எழுதியவனும் நான். அதில் காரணம் என்று நான் எழுதிய வரிகள் உண்மையல்ல.

கல்லூரி தென்காசிப் பக்கம் இருக்கிறது, இருபாலரும் படிப்பது. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். நிர்வாகம் என்னை வற்புறுத்தவில்லை. செயலாளரோ முதல்வரோ திண்டை இடி என்று சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதாக இருந்தது. கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். நாக் மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலில் பசுமை நடைமுறைகள் என்று ஒரு பகுதி அப்போது இருந்தது. நடப்பவர்களுக்கு ஏற்ற பாதை, பிளாஸ்டிக் இல்லாத வளாகம், மரம் செடிகளால் அமைந்த பசுமை நிலவடிவமைப்பு என்று கேட்டார்கள். நல்ல கேள்விகள்தான். நான் அதற்குக் கொடுத்த விடை, முன்வாசலில் ஒரு புல்வெளி, நடுவில் ஒரு நீரூற்று, இரண்டு பக்கமும் வரிசையாக நெட்டிலிங்கம், பாதை முழுக்க பேவர் பிளாக், புல்லின் ஓரத்தில் ‘புல்தரையில் நடக்காதீர்’ என்று ஒரு பலகை. புங்கின் வேர் பேவர் பிளாக்கைத் தூக்கிவிடும், திண்டுகளில் விரிசல் விழுந்திருக்கிறது, பூ உதிர்ந்து குப்பையாகிறது. தீர்மானத்தில் நான் எழுதிய காரணங்கள் இவை.

உண்மைக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். அதற்கு முந்தைய டிசம்பரில் வந்தது. எந்த ஊர்ப் பையன் எந்த ஊர்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று கல்லூரி பார்க்கிறதா, மரத்தடியில் நடப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டிருந்தது. ஊர் என்று எழுதியிருந்ததைச் சாதி என்று படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கடிதத்தை முதல்வரிடம் காட்டியிருக்கலாம், கிழித்துப் போட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். மறுநாளிலிருந்து ஃப்ரீ ஹவரில் நூலக மாடிக்குப் போய் ஜன்னல் வழியாக அந்தத் திண்டுகளைப் பார்க்கத் தொடங்கினேன். யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்று. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியவன். அவர்கள் ஊரும் பெயரும் எனக்குத் தெரியும். அந்த அறிவை அந்த ஜன்னலில் நின்று எதற்குப் பயன்படுத்தினேன் என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் பார்த்தது என்ன? பையன்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அரியர் பேப்பருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள், நாலு பேர் நோட்டை மடியில் வைத்துக் கேட்டார்கள். ஒருவன் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தான், சுற்றியிருந்தவர்கள் கைபோட்டார்கள். அந்தச் சட்டி எந்தத் தெருவிலிருந்து வந்தது, கைபோட்டவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் நடக்காத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்திருக்க வேண்டியது மகிழ்ச்சி. வந்தது பயம்.

அந்த இடம் எவ்வளவு சரியான இடம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தென்காசியின் தட்பவெப்பம் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போன்றதல்ல. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே நம்மேல் வந்து விழும். ஜூன் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் சீசன், இங்கே சாரலும் காற்றும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து ஒரு சாரல் வந்து நனைத்துவிட்டுப் போகும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றின் வேகம் தெரியும். சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். இப்படிப்பட்ட ஊரில் வெளியே உட்கார இடம் அமைப்பவன் முதலில் பார்க்க வேண்டியது மேற்குத் திசையை. அந்தப் புங்க மரங்கள் நூலகக் கட்டடத்துக்குக் கிழக்கே நின்றன. இரண்டு மாடிக் கட்டடம் காற்றையும் சாரலையும் தடுத்துக்கொண்டது. மாலையில் கட்டடத்தின் நிழலும் அங்கேதான் விழும். காலை வெயிலுக்குப் புங்கின் நிழல். கோடை தொடங்கும்போது புங்கு பழைய இலையை உதிர்த்துப் புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும், வெயில் கொடுமையாகும் நேரத்துக்கு நிழல் தயாராக இருக்கும். கல்லூரி தொடங்கிய காலத்தில் யாரோ ஒரு தோட்டக்காரர் நட்டவை. அவர் எந்த வரைபடத்தையும் பார்க்கவில்லை. காற்று எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் போட்ட புல்வெளி மேற்கு பார்த்த முன்வாசலில். ஜூன் மாதக் காற்றில் நீரூற்றின் தண்ணீர் பாதை முழுக்கச் சிதறும். சீசன் முழுக்கப் புல் ஈரமாகவே கிடக்கும். சீசன் முடிந்தால் வெயில் சுடும். நெட்டிலிங்கம் நெடுநெடுவென்று வளரும், நிழல் தராது. உட்காரத் தகுந்த ஒரு அடி இடம் அந்த முன்வாசலில் இல்லை. அழகுக்காக அப்படி அமைந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். உட்கார முடியாதபடி வேண்டுமென்றே அமைத்தேன்.

இடிக்கும் நாளில் தோட்டத்தில் வேலை பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பிள்ளைய எங்கன உக்காரும் சார்?” கிளாஸ் ரூமில் உட்காரட்டும் என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் பேசவில்லை.

பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பிறகு மூன்று ஆண்டு பார்த்தேன், இடையில் கொரோனா கல்லூரியை மூடிய மாதங்கள் போக. பையன்கள் காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டோர டீக்கடைக்குப் போனார்கள். சீசன் என்றால் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ பஸ் ஏறினார்கள். பெண்பிள்ளைகளுக்கு டீக்கடையும் இல்லை, அருவியும் இல்லை. வகுப்பறை, அல்லது பெண்கள் ஓய்வறை என்று பெயர் எழுதிய ஜன்னல் சிறுத்த ஓர் அறை. மற்றவர்கள் பஸ் வரும்வரை கேட்டுக்கு உள்ளே நின்றார்கள். கடையநல்லூர் பஸ்காரர்கள் ஒரு கூட்டம், சுரண்டை பஸ்காரர்கள் ஒரு கூட்டம், பாவூர்சத்திரம் பஸ்காரர்கள் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் ஒரே ஊர், ஒரே தெரு. மொட்டைக் கடிதம் எழுதியவர் கேட்டது நடந்துவிட்டது. நூலகத்துக்குக் கிழக்கே கலந்து உட்கார்ந்தவர்கள் கேட்டுப் பக்கம் பிரிந்து நின்றார்கள். பையன்களின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாகக் கயிறுகள் ஏறின. அந்தக் கயிறுகளுக்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. தென்மாவட்டங்களில் அது நெடுநாள் நோய். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. நான் சொல்வது வேறு. அந்த நோய்க்கு எதிராக எங்கள் வளாகத்தில் யாரும் திட்டமிடாமலே ஒரு மருந்து இருந்தது. அதை இடித்தது நான்.

பெண்பிள்ளைகளுக்கு நேர்ந்த இழப்பை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மாணவிகளில் பலர் பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வருபவர்கள். கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு அதுதான். காலையில் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவாள். மாலை வீடு திரும்பியதும் தட்டை மடியில் வைத்து உட்கார வேண்டும். வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை கிடையாது. தெருவில் நின்று பேசினால் பேச்சு வரும். அவளுடைய நாளில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம், கல்லூரியில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் உள்ள அந்த ஃப்ரீ ஹவர்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு மரமும் ஒரு திண்டும் போதும். அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்று மேலே எழுதினேனே, அவள். திண்டுகள் போன மறு ஆண்டு, மூன்றாம் ஆண்டு நடுவில், டிஸ்கன்டினியூ செய்துவிட்டாள். எனக்கு அது வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையாகத்தான் தெரிந்தது. நெடுநாள் கழித்து அவளோடு படித்த ஒருத்தியைத் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். “முன்னாடி நாங்க எல்லாம் மரத்தடியில இருப்போம்லா சார். யாருக்கு ஃபீஸ் கட்டலன்னு அங்கயே தெரிஞ்சிரும். எல்லாரும் சேர்ந்து போட்டு கட்டிருவோம். அதுக்கப்புறம் யாருக்கு யாரு தெரியும்? அவ வரலங்கறதே எங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தெரியும்.” அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. திண்டுகளை இடிக்கச் சொன்னது நான் என்பது அவளுக்குத் தெரியாது. அன்று நானும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அந்தத் திண்டுகள் இருந்திருந்தால் அந்த மாணவி படிப்பை முடித்திருப்பாளா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குப் பணம் கட்டவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளக் கல்லூரியில் இருந்த ஒரே ஏற்பாடு அந்த மரத்தடிதான்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்துவிட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை அது. அமெரிக்காவில் வில்லியம் வைட் என்பவர் 1970-களில் நியூயார்க் நகரின் பொதுச் சதுக்கங்களில் கேமராக்களை வைத்து, மக்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கவனித்தார். 1980-ல் புத்தகமாக எழுதினார். கட்டட அழகோ சதுக்கத்தின் பரப்போ பெரிய வித்தியாசத்தைச் செய்யவில்லை என்று கண்டார். உட்கார இடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் செய்தது. மனிதர் இருக்கும் இடத்துக்குத்தான் மனிதர் வருகிறார்கள் என்றும் கண்டார். அதைப் படித்தபோது நூலக ஜன்னலில் நின்ற என் நினைவு வந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் பார்த்தது உட்கார வழி செய்வதற்கு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் தம்பதியர் செய்த வேலை மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. முயன்று ஒன்றில் மனத்தைக் குவிப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அது களைத்துப்போகும், மரமும் நீரும் வானமும் உள்ள இடத்தில் முயற்சியில்லாமல் கண் படியும்போது அந்தக் களைப்பு தீரும் என்று 1989-ல் வந்த நூலில் விளக்கினார்கள். மூன்று மணி நேரம் வரிசையாக வகுப்பு கேட்டவளுக்கு நாலாவது மணி ஏன் தலையில் ஏறுவதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை பேசியிருப்போம். விடை ஜன்னலுக்கு வெளியே நின்றது. ரோஜர் உல்ரிச் 1984-ல் எழுதியது இன்னும் எளிது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் நோயாளிக்கு மரம் தெரிவது நல்லது என்றால், பத்தொன்பது வயதில் வீட்டுப் பாரத்தைச் சுமந்து வருகிற பிள்ளைக்கு அது தேவையில்லை என்று நான் எதை வைத்து முடிவு செய்தேன்?

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் அங்கே இருந்த புதர்க்காட்டை அழிக்காமல், மரம் மரமாகச் சேர்த்து வளர்த்தார்கள். இன்றும் அந்த மாணவர்கள் கல்லூரியை நினைத்தால் அந்த மரங்களோடுதான் நினைக்கிறார்கள். பார்ன்ஸ் பாடம் நடத்தியது வேதியியல். செடிகொடி அவருடைய துறையல்ல. வாத்தியார் என்றால் அப்படியும் இருக்கலாம்.

அதைவிட நமக்குப் பக்கத்தில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். கடைசிக் காலம் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்தவர். அதற்கு முன் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில், வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து கம்பனைப் படித்தார்கள். வட்டத்தொட்டி என்ற பெயரே அந்த முற்றத்தால் வந்தது. வட்டமாக உட்கார்ந்தால் யாரும் கடைசி பெஞ்சில் இல்லை, எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும். புங்க மரத்தைச் சுற்றிய திண்டும் வட்டம்தான், ஆனால் அதில் முதுகை மரத்தில் சாய்த்து எல்லாரும் வெளிப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பிள்ளைகள் அதையும் மாற்றிக்கொண்டார்கள். நாலு பேர் திண்டில், நாலு பேர் எதிரே தரையில் துண்டு விரித்து. வகுப்பில் டி.கே.சி.யைப் பற்றி நானே பேசியிருக்கிறேன், வட்டத்தொட்டியைப் புகழ்ந்திருக்கிறேன். அதே வாயால்தான் இடிக்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் அரைகுறை. நான் படித்தது பாளையங்கோட்டையில். கடையத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன எனக்கு முதல் ஆண்டில் மெஸ் பணம் கட்ட வழியில்லாமல் போனது. விடுதிக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடியில் என்னோடு உட்கார்ந்து தன் தட்டில் பாதியைத் தினமும் எனக்குத் தந்தவன், எங்கள் ஊரில் எங்கள் தெருவுக்குள் செருப்போடு நடக்க முடியாத சாதிக்காரன். அந்த மரத்தடி இல்லையென்றால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன், வேலைக்குப் போயிருக்க மாட்டேன், வளாக அழகுபடுத்தும் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராகவும் ஆகியிருக்க மாட்டேன். எனக்குக் கிடைத்ததை அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் செய்தேன், அறியாமல் அல்ல, என்ன செய்கிறேன் என்று தெரிந்தே. அவன் இப்போது உயிரோடு இல்லை. அவன் இருந்திருந்தால் இதை அவனிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு விட்டுப் போயிருக்கிறான். பின்னால் இந்தக் கோயிலில் ஏதேனும் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களை இப்போதே வணங்கிக்கொள்கிறேன் என்று. நாலு வீதியிலும் விளையாடி வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. கட்டியவனே தனக்குப் பின் வருபவனைக் கும்பிடுகிறான். எனக்கு முன்னால் அந்தப் புங்கை நட்ட தோட்டக்காரரின் பெயரைக்கூட நான் விசாரித்ததில்லை.

போன ஆண்டு கல்லூரியில் புதிய குழு அமைத்தார்கள், பழைய ஒருங்கிணைப்பாளர் என்று என்னையும் அழைத்தார்கள். மரக்கன்று நடுவது பற்றிப் பேசத்தான். நான் எழுந்து இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். தீர்மானத்தில் எழுதியது பொய் என்று சொன்னேன். கடிதத்தைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர், பழைய கதை எதற்கு சார் என்றார். பழைய கதை இல்லை, கேட்டுப் பக்கம் இப்போதும் போய்ப் பாருங்கள் என்றேன்.

பிறகு என் யோசனையை வைத்தேன். மீதி இருக்கும் இரண்டு புங்குகளையும் விட்டுவிட்டுப் புதிதாகப் புங்கும் நாவலும் மருதும் நட வேண்டும். மேற்கே ஒரு சுவர், மேலே ஓட்டுக்கூரை, கிழக்கே திறப்பு என்று சாரலுக்கு நனையாத நீளமான திண்ணை ஒன்று கட்ட வேண்டும். அதை எந்த மாடி ஜன்னலிலிருந்தும் முழுக்கப் பார்க்க முடியாதபடி அமைக்க வேண்டும், ஆனால் ஒதுக்குப்புறமாகவும் இருக்கக் கூடாது, நடமாட்டம் உள்ள பாதை ஓரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகம் 1970-களில், வளாகத்தில் எதைக் கட்டுவது என்பதை அங்கே புழங்குகிறவர்களே முடிவு செய்யட்டும் என்று கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் சொன்னதை ஏற்று நடந்தது என்றும் எடுத்துச் சொன்னேன். அதனால் குழுவில் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்றேன். அதை மட்டும் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மாணவிகளும் ஒரு மாணவனும் வந்தார்கள். என் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒரு மாணவி பேசினாள். திண்ணை நல்லா இருக்கு சார், ஆனா பக்கத்துல கழிப்பறை இல்லையே, நாங்க எவ்வளவு நேரம்தான் அங்க உக்கார முடியும் என்றாள். சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அங்கே ஒரு விளக்கு வேண்டும் என்றாள். கேட்டிலிருந்து திண்ணை வரைக்கும் கூரை போட்டால் சீசனில் நனையாமல் வரலாம் என்று மாணவன் சொன்னான். என் வரைபடத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமிருந்து கொண்டுவரலாம் என்று அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம்.